இனியா என்றொரு பெயர்

உரைநடை – வாழ்க்கை வரலாறு

நுழையும் முன்

கங்கைக் கரையிலுள்ள நகரங்களில் வாழும் மாணவர்கள் சிலர், ஆற்றின் நீர்ப்பரப்பில் ஒரு கணம் தோன்றி மறையும் ஓங்கிலைக் கண்டிருக்கக்கூடும். டால்பின் என்று நாம் வழங்கும் விலங்கின் தமிழ்ப்பெயரே ஓங்கில். கங்கை ஓங்கில் 2009ஆம் ஆண்டு நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. உலகின் மறுபுறத்தில், தென் அமெரிக்காவின் பேராறுகளிலும் நன்னீர் ஓங்கில்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒரு பேரினத்திற்கு அறிவியல் உலகம் வழங்கும் பெயர் இனியா. கேட்பதற்குத் தமிழ்ப்பெயர் போல ஒலித்தாலும் அது தமிழ்ச்சொல் அன்று. அது எந்த மக்களின் சொல்? அதனை அறிவியல் நூலில் ஏற்றியவர் யார்? இப்பாடம் அதனைக் கூறுகிறது.

கடற்கரையில் தொடங்கிய கல்வி

ஆல்சிட் டோர்பினி, பிரான்சு நாட்டின் நாந்த் நகருக்கு அருகிலுள்ள குவெரோன் என்னும் ஊரில் 1802ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மருத்துவர், சிப்பிகளையும் சங்குகளையும் திரட்டி ஆராய்வதில் பேரார்வம் கொண்டவர். பின்னாளில் அக்குடும்பம் லா ரோஷல் நகரை ஒட்டிய அட்லாண்டிக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையும் மகனும் கரையோர மணலை அள்ளிவந்து நுண்ணோக்கியின்கீழ் வைத்து உற்றுநோக்கினர்.

வெறுங்கண்ணுக்கு மணலாகத் தோன்றியவற்றுள், நுண்ணிய அறைகளைக் கொண்ட ஓடுகள் பல கலந்திருந்தன. இளைஞரான டோர்பினி அவற்றை வடிவம் வாரியாகப் பிரித்தார், படம் வரைந்தார், பிறரும் கண்டு உணரும்பொருட்டு அவற்றின் பெரிதாக்கிய மாதிரிகள் நூற்றினை உருவாக்கினார். 1826ஆம் ஆண்டு அவ்வுயிரிகளுக்கு, துளைகளைத் தாங்கியவை என்னும் பொருள்பட, ஃபொராமினிஃபெரா என்று பெயரிட்டார்.

அவ்வுயிரிகளைக் கணவாய், நாட்டிலசு முதலியவற்றின் நுண்ணிய உறவுகள் என்று அவர் கருதினார். சில ஆண்டுகளிலேயே அக்கருத்து தவறு என்பது புலனாயிற்று. அவை ஒரே செல்லால் ஆனவை என்பதை துய்ழார்டென் என்னும் அறிஞர் 1835இல் நிறுவினார். ஆயினும் டோர்பினி பிரித்தறிந்த குழுவும் அவர் இட்ட பெயரும் நிலைத்தன. பாறைகளின் வயதை அறியவும் எண்ணெய் வளத்தைத் தேடவும் அந்நுண்ணோடுகள் இன்றும் ஆராயப்படுகின்றன.

எட்டாண்டுப் பயணம்

பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தென் அமெரிக்காவிற்கு ஓர் ஆய்வாளரை அனுப்ப விரும்பியது. இருபத்து மூன்றே வயதான டோர்பினி அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1826ஆம் ஆண்டு கப்பலேறிய அவர், 1834ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் தாயகம் திரும்பினார்.

முதலில் பிரேசிலையும் உருகுவாயையும் கண்டார். அர்ஜென்டினாவில் பரானா ஆற்றின் வழியே சென்று கொரியென்டசு பகுதியில் ஓராண்டிற்கும் மேலாகத் தங்கினார். பின்னர்த் தெற்கே படகோனியாவின் வறண்ட நிலத்தில் பல மாதங்கள் உழைத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் அதே நிலப்பகுதிக்கு மற்றோர் இளைஞர் வந்தார். அவர் சார்லசு டார்வின். தாம் திரட்டிய தொல்லுயிர்ச் சிப்பிகளை இனங்காண டார்வின் பிற்காலத்தில் டோர்பினியின் உதவியைப் பெற்றார்.

1830இல் தென்முனையைச் சுற்றிக் கடல்வழியே சிலி சென்ற டோர்பினி, அங்கிருந்து பொலிவியாவை அடைந்தார். அந்நாட்டின் அதிபர் ஆந்திரேசு தெ சாந்தா குரூசு அவருடைய ஆய்விற்குத் துணைபுரிந்தார். ஆண்டீசு மலையின் உயர்ந்த மேட்டுநிலத்திலிருந்து கிழக்கே இறங்கி, காடுகளும் ஆறுகளும் நிறைந்த தாழ்நிலத்திற்குள் அவர் நுழைந்தார்.

வெள்ளச் சமவெளியில்

பொலிவியாவின் வடகிழக்கில் மோகோசு என்னும் பெருஞ்சமவெளி உள்ளது. மாமோரே, இத்தேனசு முதலிய ஆறுகள் அங்கே பாய்கின்றன. மழைக்காலத்தில் அவ்வாறுகள் கரைகடந்து பரவும். புல்வெளி ஏரியாகும், காட்டுமரங்களின் அடிப்பகுதி நீரில் மூழ்கும். ஊருக்கு ஊர் செல்வதற்குத் தோணியே துணை. அச்சமவெளியில் அவர் 1832இல் பயணம் செய்தார்.

அந்த ஆறுகளில், கடலிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், ஓங்கில்கள் மூச்சுவிட மேலெழுந்து மறைந்தன. கடற்கரையில் வளர்ந்த அவருக்கு ஓங்கில் புதிதன்று. ஆயினும், கண்டத்தின் நடுவே வாழும் இவ்விலங்கு கடலில் கண்டதோடு ஒத்ததா, வேறானதா என்னும் வினா எழுந்தது. தொலைவிலிருந்து பார்த்து அதற்கு விடை கூற இயலாது. பிடிபட்ட ஓங்கில் ஒன்றைப் பெற்று அதன் உறுப்புகளை ஆராய்ந்தார்.

வேறுபாடுகள் பல இருந்தன. கடல் ஓங்கிலின் பற்கள் பெரும்பாலும் ஒரே வடிவில் கூம்புபோல் இருக்கும். இதன் தாடையின் முன்பற்கள் மட்டுமே அவ்வாறு இருந்தன. பின்பற்கள் கடைவாய்ப் பற்களைப்போல் அகன்றிருந்தன. நீண்ட அலகின்மேல் குட்டையான மயிர்கள் இருந்தன. கண்கள் சிறியவை. மார்புத் துடுப்புகள் அகன்றவை. முதுகுத் துடுப்பு உயர்ந்து நிற்காமல் தாழ்ந்த மேடுபோல் அமைந்திருந்தது.

இவ்வுறுப்புகளின் பயனை இன்று நாம் தெளிவாக அறிவோம். இதன் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே உள்ளன; ஆகவே இது தலையைப் பக்கவாட்டில் திருப்ப வல்லது. வெள்ளக்காலத்தில் மூழ்கிய மரங்களினூடே வளைந்து நெளிந்து சென்று இரை தேட அது உதவுகிறது. முன்பற்களால் மீனைக் கவ்வும், பின்பற்களால் நொறுக்கும். வளர்ந்த ஓங்கில்களின் மேனி பெரும்பாலும் இளஞ்சிவப்பாகத் தோன்றும்.

பெயர் சூட்டல்

இவ்விலங்கிற்கு ஏற்கெனவே பெயர்கள் இருந்தன. பிரேசில் மக்கள் போட்டோ என்றனர். பொலிவியாவில் எசுப்பானியம் பேசுவோர் புஃபேயோ என்றனர். சான் மிகேல் ஆற்றின் கரையில் வாழும் குவராயோ மக்கள் இனியா என்றனர். டோர்பினி குவராயோ மக்களிடையே தங்கி, அவர்களது வாழ்வை அன்போடும் மதிப்போடும் நோக்கியவர். பயணம் செய்த இடங்களிலெல்லாம் பழங்குடிகளின் சொற்களைத் தொகுத்தவர்.

பாரிசு திரும்பிய அவர், 1834ஆம் ஆண்டு அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் இவ்வோங்கிலைப் பற்றி எழுதினார். இது புதிய சிற்றினம் மட்டுமன்று, புதிய பேரினமே என்று அதில் நிறுவினார். பேரினத்திற்குக் குவராயோ மக்களின் சொல்லையே பெயராக்கினார். சிற்றினத்தைக் குறிக்க நாட்டின் பெயரைச் சேர்த்தார். இனியா பொலிவியென்சிசு என்னும் அறிவியற்பெயர் இவ்வாறு பிறந்தது.

அக்காலத்து அறிஞர் பலர் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் சொற்களைத் தேடிப் பெயரிட்டனர். புரவலரின் பெயரையும் சூட்டினர். ஆற்றோடு வாழ்ந்து விலங்கை நன்கறிந்த மக்களின் சொல்லை டோர்பினி மாற்றாமல் ஏற்றார். சிறிய மக்கட்கூட்டம் ஒன்றின் சொல் இன்று உயிரியல் நூல்களில் இடம்பெற்றிருக்கிறது.

ஒன்றா, இரண்டா?

டோர்பினிக்கு முன்பே ஐரோப்பாவில் இவ்வகை ஓங்கில் ஒன்றின் உடல் இருந்தது. போர்ச்சுகலின் லிசுபன் நகர அருங்காட்சியகத்திலிருந்த அதனை, நெப்போலியன் படையெடுப்பின்போது 1808இல் ஜெஃப்ராய் என்னும் அறிஞர் பாரிசுக்குக் கொண்டுசென்றார். அதனை ஆராய்ந்த பிளென்வில், 1817இல் ஜெஃப்ராயின் பெயரையே சிற்றினப் பெயராகச் சூட்டினார். ஆனால், கடல் ஓங்கில்களின் பொதுப் பேரினத்திலேயே அதனை வைத்தார். அதுவும் டோர்பினி கண்ட பேரினத்தைச் சேர்ந்ததே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனவே அமேசான் ஓங்கில் இனியா ஜெஃப்ரென்சிசு எனப்பட்டது. முந்தைய சிற்றினப் பெயரும் டோர்பினியின் பேரினப் பெயரும் இவ்வாறு இணைந்தன.

இனியா பேரினம் அமேசான், ஒரினோக்கோ ஆகிய ஆறுகளிலும் அவற்றின் துணையாறுகளிலும் வாழ்கிறது. பிரேசில், பெரு, கொலம்பியா, எக்குவடோர், வெனிசுவேலா, பொலிவியா ஆகிய நாடுகளில் அது காணப்படுகிறது. பொலிவியாவின் ஆறுகள் ஒன்றுகூடி மதெய்ரா ஆறாகி, பிரேசிலுக்குள் சென்று அமேசானில் கலக்கின்றன. எல்லையை ஒட்டி மதெய்ரா ஆற்றில் பாறைகளும் விரைந்த நீரோட்டங்களும் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேலே வாழும் பொலிவிய ஓங்கில்களுக்குப் பற்களின் எண்ணிக்கை கூடுதல்; மூளைப்பெட்டி சிறியது. பாறைத்தடையால் அவை நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்து தனிச் சிற்றினமாயின என்று சிலர் கூறினர். ஒரே சிற்றினத்தின் இரு பிரிவுகளே என்று வேறு சிலர் கூறினர்.

1977இல் இரு அறிஞர்கள் எலும்புகளை ஒப்பிட்டுத் தனிச் சிற்றினம் என்னும் கருத்தை மீண்டும் முன்வைத்தனர். மரபணு ஆய்வுகள் முதலில் அதற்கு வலுச்சேர்த்தன. பின்னர், பாறைத்தடைக்குக் கீழேயும் பொலிவிய வகையின் மரபணு அடையாளம் கொண்ட ஓங்கில்கள் கண்டறியப்பட்டன. ஆகவே தடை முழுமையானதன்று என்பது தெரிந்தது. 2014இல் பிரேசிலின் அரகுவாயா ஆற்று ஓங்கிலைப் புதிய சிற்றினமாகச் சிலர் அறிவித்தனர். அதற்குச் சான்று போதாது என்று பிறர் கருதுகின்றனர். கடல்வாழ் பாலூட்டிகளை ஆராயும் பன்னாட்டு அறிஞர் கழகத்தின் பட்டியலில், பொலிவிய ஓங்கில் இன்று துணைச் சிற்றினமாக இடம்பெற்றுள்ளது. நம் நாட்டிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. நெடுங்காலம் ஒன்றாகக் கருதப்பட்ட கங்கை ஓங்கிலும் சிந்து ஓங்கிலும் இருவேறு சிற்றினங்கள் என 2021இல் வெளியான ஆய்வு நிறுவியது.

பெயரைப் பற்றிய வழக்கு வெறும் ஏட்டு வழக்கன்று. ஒரே சிற்றினம் எனில், ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் எஞ்சும் எனச் சிலர் அமைதி கொள்ளக்கூடும். தனிச் சிற்றினம் எனில், அவ்வாற்றில் அழிந்தால் உலகிலேயே அழிந்ததாகும். மதெய்ரா ஆற்றின் விரைந்த நீரோட்டங்கள் இருந்த பகுதியில் சாந்தோ அந்தோனியோ, ஜிராவு என்னும் இரு நீர்மின் அணைகள் இந்நூற்றாண்டில் எழுந்தன. முன்பு பாறைகளைக் கடந்த ஓங்கில்களால் சுவரைக் கடக்க இயலாது. மீன்வலைகளில் சிக்கியும், பிற மீன்களைப் பிடிக்கும் இரைக்காகக் கொல்லப்பட்டும் இவை குறைந்துவருகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018இல் அமேசான் ஓங்கிலை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக வகைப்படுத்தியது. பொலிவிய நாடு 2012இல் சட்டம் இயற்றி, தன் ஆற்றோங்கிலை நாட்டின் இயற்கைச் செல்வமாக அறிவித்தது. இன்று கடற்கரையே இல்லாத அந்நாட்டில் வாழும் ஒரே திமிங்கில வகை உயிரினம் அதுவே.

பாறையில் எழுதிய காலம்

தென் அமெரிக்காவிலிருந்து டோர்பினி கொண்டுவந்த உயிரினப் படிமங்கள் 10,000க்கும் மேற்பட்டவை. அவற்றை ஆராய்ந்து எழுதிய பெருநூல் 1835 முதல் 1847 வரை பல தொகுதிகளாக வெளிவந்தது. இடையே 1844இல், ஜெர்வே என்பாருடன் இணைந்து, தென் அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் வாழும் மற்றோர் ஓங்கிலையும் முதன்முதலாக விவரித்தார்.

பின்னர் அவர் தொல்லுயிர்களின் பக்கம் திரும்பினார். பாறை அடுக்கு ஒவ்வொன்றிலும் காணப்படும் சிப்பி, சங்கு வகைகளைக்கொண்டு நிலவியற் காலத்தை நிலைகளாகப் பகுத்தார். பிரான்சின் ஊர்களும் ஆறுகளும் அந்நிலைகளுக்குப் பெயர் தந்தன. ஓப் ஆற்றின் பழம்பெயரால் ஆல்பியன், லெ மான் நகரின் பழம்பெயரால் செனோமேனியன், தூர் நகரை ஒட்டிய நாட்டின் பெயரால் துரோனியன் என வழங்கினார். தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்னும் ஊரருகே, பழங்காலக் கடலுயிர்களின் எச்சங்கள் நிறைந்த களிமண் அடுக்குகள் உள்ளன. அவற்றின் வயதைக் கூறவும் நிலவியலார் இப்பெயர்களையே கையாள்கின்றனர்.

ஒவ்வொரு நிலையின் முடிவிலும் உயிர்கள் யாவும் அழிந்து, மீண்டும் புதியனவாய்த் தோன்றின என்று டோர்பினி நம்பினார். அந்நம்பிக்கையைப் பிற்கால அறிவியல் ஏற்கவில்லை. ஆனால், அவர் வகுத்த நிலைகளுள் பல இன்றும் வழக்கில் உள்ளன.

இத்துணை உழைத்தும் அவருக்குப் பேராசிரியப் பதவி எளிதில் கிட்டவில்லை. 1853இல்தான் பாரிசு அருங்காட்சியகத்தில் அவருக்கெனத் தொல்லுயிரியல் பேராசிரியர் பதவி புதிதாக உருவாக்கப்பட்டது. அப்பதவியில் அவர் நீண்டநாள் இருக்கவில்லை. 1857ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், பாரிசை அடுத்த பியர்ஃபித் என்னும் ஊரில், தம் 54ஆம் வயதில் மறைந்தார். பிரான்சின் தொல்லுயிர்களைப் பற்றிய அவரது பெருநூல் முற்றுப்பெறாமல் நின்றது.

நுண்ணோடுகளின் உறவுமுறையில் அவர் கூறியது திருத்தப்பட்டது. உலகின் பழங்காலம் பற்றிய அவர் கொள்கை கைவிடப்பட்டது. பொலிவிய ஓங்கில் தனிச் சிற்றினமா என்னும் வினா இன்னும் முடியவில்லை. ஆயினும், கண்டதைக் கண்டவாறே அளந்து, வரைந்து, வேறுபாடு உணர்ந்து பிரித்து வைத்ததனால், பின்வந்தோர் தம் ஆய்வை அங்கிருந்தே தொடங்க முடிந்தது. மாமோரே ஆற்றில் ஓங்கில் மேலெழும்பொழுது, அதனைப் பதிவுசெய்யும் ஆய்வாளர் எழுதும் முதற்சொல் குவராயோ மக்களின் சொல்லாகவே இருக்கிறது.

சொல்லும் பொருளும்

ஓங்கில் – டால்பின்
பேரினம் – நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதி
சிற்றினம் – தம்முள் இனப்பெருக்கம் செய்யும் ஒத்த உயிர்களின் கூட்டம்
தொல்லுயிரியல் – பழங்கால உயிர்களின் எச்சங்களை ஆராயும் துறை
புரவலர் – பொருள் தந்து ஆதரிப்பவர்
புலனாயிற்று – தெளிவாகத் தெரிந்தது

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. இனியா என்பது ______ மக்களின் சொல்.
(எசுப்பானிய / குவராயோ / பிரெஞ்சு)
2. பொலிவிய ஆறுகள் ஒன்றுகூடி ______ ஆறாகின்றன.
(மதெய்ரா / பரானா / ஒரினோக்கோ)
3. டோர்பினி பேராசிரியராக அமர்த்தப்பட்ட ஆண்டு ______.
(1834 / 1844 / 1853)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. ஃபொராமினிஃபெரா என்னும் பெயரின் பொருள் யாது?
2. ஆற்றோங்கில் தலையைத் திருப்ப வல்லதாக இருப்பது ஏன்?
3. இனியா பேரினம் வாழும் இரு பேராறுகள் யாவை?

இ. ஐந்து தொடர்களில் விடை தருக.
1. கடல் ஓங்கிலிலிருந்து இனியா எவ்வெவ்வகையில் வேறுபடுகிறது?
2. பொலிவிய ஓங்கில் தனிச் சிற்றினம் என்பதற்கும் அன்று என்பதற்கும் பாடம் கூறும் சான்றுகளைத் தொகுத்து எழுதுக.

ஈ. ஒரு பக்க அளவில் விடை தருக.
ஓர் உயிரினத்தின் வகைப்பாடு அதன் பாதுகாப்போடு எவ்வாறு தொடர்புடையது? பாடச் செய்திகளைக்கொண்டு விளக்குக.

உ. எடுத்துக்காட்டைப் போலப் பிரித்து எழுதுக.
எ.கா. பேரினம் = பெருமை + இனம்
1. சிற்றினம்
2. நன்னீர்
3. தொல்லுயிர்
4. பேராறு

ஊ. செயல்பாடு
உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்களது சொந்த ஊரில் பறவை, மீன், மரம் ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்கள் பத்தினைத் தொகுக்க. நீங்கள் இப்போது வாழும் ஊரில் அவற்றுக்கு வழங்கும் பெயர்களை எதிரே எழுதுக. பெயர் எதனால் வந்தது என்று தெரிந்தவற்றை வகுப்பில் கூறுக.